அறுபத்தொரு படங்கள்

பெங்களூரு,
12.1.2025

அன்புள்ள ஜெயப்ரியாவுக்கு,

வாசுதேவ் எழுதுகிறேன். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். குறை சொல்லவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் ஒரு முறை படித்துவிட்டுக் கிழி.

பாலாஜி போய் இரண்டரை மாதம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே இங்கே தாரா அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் என்னால் நடக்க முடியவில்லை. பால் வாங்கப் போனாலும் ஒருவர் நிறுத்தி, "நேபாளத்துல என்னதான்டா ஆச்சு?" என்று கேட்கிறார். அப்பாவையும் கேட்கிறார்களாம். அவர் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த பையில் எல்லாம் சரியாக இருந்ததா? பாலாஜியின் கேமரா, 24-105 லென்ஸ், நான்கு பேட்டரி, சார்ஜர். கேமராவிலிருந்த கார்டை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். படங்களைத் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். இப்போது எல்லாவற்றையும் நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இன்னொரு விஷயம். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் நடக்கும் ஒரு மலைப் புகைப்படப் போட்டிக்கு, நேபாளத்தில் கோக்கியோ மலை உச்சியில் நான் எடுத்த படத்தை அனுப்பியிருந்தேன். கடைசிப் பத்தில் வந்திருக்கிறது. எவரெஸ்டின் உச்சி மட்டும் சிவந்து நிற்கும் படம். அதன் கீழே 'நண்பன் பாலாஜி பரசுராமன் நினைவாக' என்று போட விரும்புகிறேன். அவர்கள் குடும்பத்தின் சம்மதக் கடிதமும் அவனுடைய நல்ல படம் ஒன்றும் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரே கேமராவைக் கைமாற்றிக் கைமாற்றிக் கருட சேவை எடுத்தவர்கள் நாங்கள். அந்தப் படம் அவனுக்கும் சேர வேண்டியது.

அனு எப்படி இருக்கிறாள்?

வாசுதேவ்

&nbsp;

காஞ்சிபுரம்,
26.1.2025

வாசுதேவ் அவர்களுக்கு,

வழக்கம்போல அண்ணா என்று எழுத வரவில்லை. மன்னிக்கவும் என்று எழுதவும் வரவில்லை.

அனு என்னோடு இல்லை. தென்னேரியில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்தே வேனில் பள்ளிக்கூடம் போகிறாள். காரணம் உங்களுக்குத் தெரியும். பதினாறாம் நாள் அத்தனை உறவுக்காரர்கள் நடுவில் நின்று இரண்டு விஷயம் சொன்னீர்கள். கடைசி வரை அவர் பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னீர்கள். மலை உயரத்தில் மூச்சு முட்டினால் போடும் மாத்திரைப் பை பெட்டியில் இல்லை, வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறது என்றும் சொன்னீர்கள்.

பெட்டி கட்டியது நான். எல்லோருக்கும் அது தெரியும். மாமனார் என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "மாத்திரயக் கூட எடுத்து வெக்காதவ, கொழந்தைய இன்னா பாத்துக்குவா? அனு இங்கியே இருக்கட்டும்." அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாலாஜாபாத் போய் பஸ் மாறி தென்னேரி போகிறேன். மாமனார் நான் வந்ததும் ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். அத்தை காபி கொண்டுவந்து வைப்பார், பேச மாட்டார். மூன்று மணி நேரம் மகளோடு உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அக்டோபர் பதினேழாம் தேதி எங்கள் கட்டிலில் ஒவ்வொரு சாமானாகப் பரப்பி வைத்துக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்தோம். அவர் படிக்க நான் எழுதினேன். கேமரா எழுநூறு கிராம். லென்ஸ் அறுநூற்றைம்பது. டிரைபாட் ஒரு கிலோ அறுநூறு. கம்பளிச் சட்டை, மழைக் கால்சட்டை, லேப்டாப். மாத்திரை, இருமல் மருந்து, தெர்மாமீட்டர், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி எல்லாம் போட்ட நீலப் பை, நானூற்றிருபது கிராம். மொத்தம் பதினாலு கிலோ எண்ணூறு. சின்ன விமானத்தில் பதினைந்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். "இருநூறு கிராம் மிச்சம் கீதே, ஒரு முறுக்குப் பொட்டலம் வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. மாமனாரிடம் காட்டினேன். "எழுதறது எப்ப வேணா எழுதலாம்" என்றார்.

உங்கள் போட்டிப் படத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்தேன். கீழே எல்லா விவரமும் போட்டிருக்கிறார்கள். மலை உச்சியின் பெயர், லென்ஸ், தேதி, நேரம். 28 அக்டோபர், மாலை 5.24.

கடைசி வரை பக்கத்தில் இருந்ததாகச் சொன்னீர்கள். 5.24க்கு நீங்கள் உச்சியில் இருந்தால் என் வீட்டுக்காரர் எங்கே இருந்தார்?

சம்மதக் கடிதம் தர மாட்டேன்.

ஜெயப்ரியா

&nbsp;

பெங்களூரு,
9.2.2025

ஜெயப்ரியா,

உன் கடிதம் என்னைக் காயப்படுத்தியது. போலீஸ்காரர் கேட்பதுபோல் கேட்டிருக்கிறாய். துக்கத்தில் எழுதியது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் மூளை சரியாக வேலை செய்யாது. எது முதலில், எது பிறகு என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. அந்த 5.24 கேமராவின் கடிகாரம் சொல்வது. முந்தின வருஷம் வியட்நாம் போனபோது மாற்றிய நேரத்தைத் திரும்ப மாற்றவில்லை என்று நினைக்கிறேன். நானும் அவனும் சேர்ந்துதான் ஏறினோம். அவனுக்கு முடியவில்லை என்றதும் இறங்கினோம். விடுதிக்கு வந்தபின் மோசமாகிவிட்டது. ஹெலிகாப்டர் இருட்டில் வராது. விடிவதற்குள் போய்விட்டான். இதைத்தான் சொன்னேன், இதைத்தான் சொல்வேன்.

மாத்திரைப் பையைப் பற்றி எனக்குத் தெரியாது. தேடியபோது இல்லை. அதைத்தான் சொன்னேன். உன் மாமனார் அதை வைத்து இப்படி ஒரு முடிவெடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு நான் வருந்துகிறேன், ஆனால் பொறுப்பாக முடியாது.

சாமான் விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் தகராறுதான். அது உனக்குத் தெரியும். ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும் என்பான். பட்டுச் சேலைக் கடைகளுக்கு விளக்குப் போட்டுச் சரிகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். அங்கே சேலை நம் முன்னால் விரிந்து கிடக்கும். மலை அப்படிக் கிடக்காது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சிகரத்தின் நுனியில் மூன்று நிமிஷம் வெயில் விழும். அதற்கு 200-600 லென்ஸ் வேண்டும். அது இரண்டு கிலோ இருக்கும். காற்றில் ஆடாத டிரைபாட் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், நான்கு வேண்டும். பணம் செலவழித்து, லீவு போட்டு, கடல் கடந்து போவதுபோல் போய், இரண்டு கிலோவுக்குப் பயந்து லென்ஸை விட்டுவிட்டுப் போவதா? எனக்கு முதுகெலும்பில் வட்டு விலகியது அவனுக்குத் தெரியும். துணிப் பையை நான் எடுத்துக்கொண்டேன், கேமரா பையை அவன் எடுத்துக்கொண்டான். அவனேதான் கேட்டான். கூலிக்குச் சுமப்பவர் வைக்க வேண்டாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

இறந்தவனைப் பற்றி இப்படிக் கணக்குப் பார்ப்பது நன்றாக இல்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

வாசுதேவ்

&nbsp;

காஞ்சிபுரம்,
2.3.2025

வாசுதேவ் அவர்களுக்கு,

உங்கள் படத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது. கேமராவில் வியட்நாம் நேரம் இருந்தாலும் சூரியன் மாலையில்தான் மறையும். அந்த மலையில் அக்டோபர் கடைசியில் எத்தனை மணிக்கு மறையும் என்று பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

நீங்கள் ஒரு கார்டை எடுத்துக்கொண்டீர்கள். அவர் கேமராவில் இரண்டு கார்டு போடும் இடம் உண்டு. படமெடுக்கப் போன ஒரு கல்யாணத்தில் கார்டு கெட்டுப்போய்ப் பெண் வீட்டார் காலில் விழாத குறையாக நின்றவர். அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி வைத்திருந்தார். இது உங்களுக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஏனாத்தூர் கல்லூரி நூலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் போனபிறகு அந்த இரண்டாவது கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன்.

முதலில் காத்மாண்டு விடுதி அறை. அவருக்கு எல்லாவற்றையும் எடுக்கும் பழக்கம் உண்டே. நாங்கள் வாங்கிய அதே கொக்கித் தராசில் பை தொங்குகிறது. பதினாறு ஒன்பது என்று எண் தெரிகிறது. அடுத்த படத்தில் கட்டிலில் நீலப் பை தனியாக வெளியே கிடக்கிறது, அதன் மேல் மழைக் கால்சட்டை. ஓரத்தில் ஒரு கை அந்தப் பெரிய லென்ஸைப் பைக்குள் வைக்கிறது. கையில் சங்கு பொறித்த மோதிரம். உங்கள் மோதிரம்.

பிறகு மலைகள், எருமை போல ஏதோ மாடுகள், ஒரு பச்சை ஏரி. பிறகு 28ஆம் தேதி.

பிற்பகல் 2.52. நீங்கள் முதுகு காட்டி மேலே ஏறிப் போகிறீர்கள். தோளில் லென்ஸ், கையில் டிரைபாட். அதற்கடுத்த படம் அதே பாதை, நீங்கள் இல்லை. அடுத்ததும் அதே பாதை. ஒரு வளைவு, வளைவில் ஒரு கறுப்புக் கல். தவறி அழுத்திவிட்டார் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். தவறி அழுத்தவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒன்று, நான்கு நிமிஷத்துக்கு ஒன்று. கல்லின் நிழல் நீண்டுகொண்டே போகிறது. முப்பதாவது படத்துக்குமேல் பாதை சாய்கிறது. நாற்பதுக்குமேல் கேமரா தரையில் இருக்கிறது போல. சரளைக்கல்லும் கொஞ்சம் வானமும் மட்டும். ஆனாலும் அழுத்தியிருக்கிறார். வெளிச்சம் போய், எதுவுமே தெரியாத படங்கள். கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பூட்ஸ். மாலை 6.04. அவை உங்கள் பூட்ஸ்.

எண்ணினேன். அறுபத்தொரு படங்கள். மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம்.

நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் ஒரே படத்தை இரண்டாம் முறை எடுக்கச் சோம்பல்படுகிற ஆள்.

அன்று காலை எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "இருமல் ஜாஸ்தியா இருக்குது. நாளைக்கு எறங்கிடுவோம்." அப்போது நூலகத்தில் ஆய்வுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். நான் அவருக்குக் கடைசியாகச் சொன்னது அதுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. என்மேலும் தவறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதைச் சுமந்துகொள்கிறேன். உங்களுடையதையும் சேர்த்து என்னால் சுமக்க முடியாது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உச்சியிலிருந்தே விடுதி ஒன்றரை மணி நேர இறக்கம்தான் என்று வரைபடத்தில் பார்த்தேன். 2.52க்கு அவரால் கேமராவை நேராகப் பிடிக்க முடிந்திருக்கிறது. மெதுவாக நடந்திருந்தாலும் நான்கரைக்குள் கீழே போயிருக்கலாம். ஏன் போகவில்லை? ஏன் அங்கேயே உட்கார்ந்திருந்தார்?

எழுத்தில் பதில் வேண்டும். உங்கள் கையெழுத்தோடு.

ஜெயப்ரியா

&nbsp;

பெங்களூரு,
11.3.2025

கடிதம் கிடைத்தது. கொஞ்சம் அவகாசம் கொடு. எழுதுகிறேன்.

வாசுதேவ்

&nbsp;

பெங்களூரு,
6.4.2025

ஜெயப்ரியா அவர்களுக்கு,

இத்தனை நாள் உங்களை நீ என்று எழுதிவந்தேன். இனி அந்த உரிமை எனக்கில்லை.

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என்னை அறியாமல் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடுகிறேன். இதிலும் சாய்த்திருந்தால் நீங்களே நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீலப் பையை வெளியே எடுத்தது நான். அந்தப் பெரிய லென்ஸை நான் தனியாகக் கொண்டுவந்திருந்தேன். அவனிடம் முன்னாலேயே சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பான். காத்மாண்டுவில் அவன் பையில் அதை வைத்தபோது எடை ஏறிவிட்டது. இரண்டு கிலோ குறைக்க வேண்டும். கம்பளி, மழைக் கால்சட்டை, நீலப் பை.

"டேய், அது மாத்திரடா. ஜெயா எடுத்து வெச்சது" என்றான்.

"மேல எல்லா ஊர்லயும் கெடைக்கும். லென்ஸ் கெடைக்குமா?" என்றேன்.

சிரித்தான். அவ்வளவுதான். நீலப் பையை விடுதியின் சாமான் அறையில் போட்டுவிட்டு வந்தோம். சாவியும் சீட்டும் என்னிடம் இருந்தன. திரும்பி வரும்போது அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஊரில் உங்கள் மாமனார், "மருந்து எதுவும் கையில இல்லையாப்பா?" என்று கேட்டபோது, வீட்டிலிருந்து வரவில்லை என்று வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் மறுநாள் யோசித்தேன். யோசித்தும் திருத்தவில்லை.

நடுவில் ஒரு ஊரில் ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும் என்பது வழக்கம். வானிலை அறிக்கையில் இருபத்தெட்டாம் தேதி மாலை மட்டும் மேகமில்லை என்று இருந்தது. தங்காமல் ஏறிவிட்டோம். முடிவு என்னுடையது. கோக்கியோவில் விடுதி நடத்தும் அம்மா அவன் இருமலைக் கேட்டுவிட்டு, அரைகுறை இந்தியில், இன்றைக்கே கீழே போங்கள் என்று இரண்டு முறை சொன்னார். காலையில் போகிறோம் என்றேன்.

மத்தியானம் மலை ஏறினோம். பை அவன் முதுகில். முக்கால் மணி நேரம் ஏறியபின் ஒரு சமதளத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"வாசு, முடியலடா. மூச்சு உட்டா உள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி சத்தம் வருது. நான் எறங்கிடறேன்."

"இன்னும் ஒன்னரை மணி நேரம்டா."

"நீ போய் எடு. நான் மெதுவா போய்க்கினே இருக்கேன்."

அவன் எழுந்தான். எழுந்து பையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒரு பக்கப் பட்டியைத் தோளில் மாட்டியதும் தள்ளாடினான். அதில் லேப்டாப், என் இன்னொரு கேமரா, இரண்டு லென்ஸ், இருவர் பாஸ்போர்ட்டும் இருந்தன. என்னாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது.

நான் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட மாற்றாமல் எழுதுகிறேன். "அப்ப பைய என்ன பண்றது? யாராவது எடுத்துட்டுப் போயிடுவான். நீ இங்கயே ஒக்காந்து பைய பாத்துக்கோ. நான் சட்டுனு எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் கீழே பார்த்தான். விடுதியின் நீலத் தகரக் கூரை தெரிந்துகொண்டிருந்தது. பிறகு, "சரி, சீக்கிரம் வா" என்றான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவன் என் சாமானுக்குக் காவல் இருந்தான்.

உச்சிக்குப் போய்ச் சேர நான்கே முக்கால் ஆகிவிட்டது. அப்போதே திரும்பியிருக்கலாம். வெயில் சிவக்கவில்லை, காத்திருந்தேன். சிவந்தபோது மூன்று நிமிஷம் அவனை நான் சுத்தமாக மறந்தேன். இதை எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. கவலையோடு எடுத்தேன் என்று எழுத ஆசை. இல்லை. சந்தோஷமாக எடுத்தேன்.

இறங்கி வந்தபோது அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பையின் பட்டியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தான். உதடு நீலம். என்னைப் பார்த்து, "வந்துட்டியா. எல்லாம் கீது பாரு" என்றான். அதற்குப் பிறகு அவன் தெளிவாக எதுவும் பேசவில்லை. நான் டார்ச்சை ஆட்டியதைப் பார்த்து விடுதியிலிருந்து இரண்டு பேர் வந்து அவனை முதுகில் தூக்கிப் போனார்கள். பையை நான் தூக்கிக்கொண்டேன். என்னால் தூக்க முடிந்தது, ஜெயப்ரியா. முதுகு வலிக்கவே இல்லை.

கார்டைப் பற்றி. டெல்லி விமான நிலையத்தில் அந்தப் படங்களைப் பார்த்தேன். முதல் கார்டை உருவினேன். இரண்டாவது கார்டு பக்கத்திலேயே இருந்தது, விரல் அதன் மேல் இருந்தது. மூடிவிட்டேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என்னவென்று தெரியவில்லை.

போட்டியிலிருந்து படத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். இது ஒன்றுமில்லை என்று தெரியும். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். போலீசிலும் கொடுக்கலாம்.

மன்னிப்பு என்ற சொல்லை ஒரு முறை எழுதிக்கொள்கிறேன். மன்னியுங்கள்.

வாசுதேவ்

&nbsp;

காஞ்சிபுரம்,
20.4.2025

வாசுதேவ் அவர்களுக்கு,

கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. ரங்கசாமி குளம் நிறுத்தத்தில் இறங்கி, குளத்தின் படியில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன். பூ விற்கிற அம்மா வந்து, "இன்னாமா, மயக்கமா வருதா?" என்று கேட்டு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை நாள் அவர் உங்களுக்காகக் காத்திருந்தார் என்று நினைத்தேன். அதிலாவது ஒரு ஆறுதல் இருந்தது. நண்பன் வருவான் என்று ஒருவர் காத்திருப்பது புரிகிற விஷயம். பைக்காகக் காத்திருந்தார் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சரி" என்று சொன்னாரே, அந்த "சரி"யை நான் அறிவேன். எங்கள் வீட்டில் தினம் பத்து முறை கேட்ட "சரி" அது. நான் காய் வாங்கி வரச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார். யார் கேட்டாலும் சொல்வார். உங்களுக்கும் அது தெரிந்திருந்தது.

போலீசுக்குப் போகலாம் என்று நீங்கள் சொல்வது சுலபம். மூச்சு முட்டிய மனிதனிடம் பையைப் பார்த்துக்கொள் என்று சொன்னது எந்தச் சட்டத்தில் வரும்? எனக்கு வேண்டியது வேறு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் மாமனாரிடம் கொடுக்கலாம். அழவைத்து எழுதி வாங்கினேன் என்று யாராவது சொல்வார்கள். அதனால் நீங்கள் வர வேண்டும். மே 18, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. தென்னேரியில் அதே வீட்டில். பதினாறாம் நாள் இருந்தவர்களையெல்லாம் வரச் சொல்கிறேன். மாமனார், தில்லையம்மாள் அத்தை, சின்ன மாமனார் முனுசாமி, அவர் பிள்ளைகள். அன்றைக்கு எந்த இடத்தில் நின்று சொன்னீர்களோ அதே இடத்தில் நின்று சொல்லுங்கள். எனக்கு எழுதியதில் ஒன்றையும் விடக் கூடாது. "எல்லாம் கீது பாரு" என்றதையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் உங்களை என்ன செய்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஜெயப்ரியா

&nbsp;

பெங்களூரு,
3.5.2025

ஜெயப்ரியா அவர்களுக்கு,

வருகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்கிறார். ஸௌந்தரராஜன் வாத்தியார் பையன் என்று அந்த ஊரில் என்னை நம்பினார்களாம், அதனால் தானும் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அனு அப்போது அங்கே இருக்க வேண்டாம்.

வாசுதேவ்

&nbsp;

காஞ்சிபுரம்,
3.6.2025

வாசுதேவ் அவர்களுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். அன்று நீங்கள் போனபிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நடந்ததெல்லாம் உங்களால் நடந்தது என்பதால் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் ஒன்றையும் விடாமல் சொன்னீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். முனுசாமி மாமா உங்கள் சட்டையைப் பிடித்தபோது உங்கள் அப்பா நடுவில் வந்து கைகூப்பி நின்றார். அந்த வயசானவர் அப்படி நின்றதை நான் பார்த்திருக்க வேண்டாம். மாமனார்தான் தம்பியின் கையை எடுத்துவிட்டார். "உடு. போகட்டும்" என்றார். நீங்கள் பார்த்தது அதுவரைதான்.

நீங்கள் தெரு முனை தாண்டியதும் அத்தை என்னிடம் வந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அவ்ளோ நேரமும் அந்தப் பையதான் பாத்துக்கினு இருந்தானா எம்புள்ள?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். "பசிச்சிருக்குமே" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது.

மாமனார் கழனிக்குப் போனார். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள் இல்லை, ஆனாலும் மண்வெட்டியோடு போனார். அவர் வருவார், அனுவைக் கூட்டிப் போ என்று சொல்வார் என்று மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினேன். அனு வாசல் வரை வந்து, "அடுத்த ஞாயிறு வருவியாம்மா?" என்று கேட்டாள். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவைத்திருந்தோம். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறும் போய் வந்தேன், இரண்டு வாரமாக அனுவை அனுப்புவது பற்றி ஒரு பேச்சும் இல்லை. உண்மை தெரிந்தால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி ஆகவில்லை. அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரைப் பார்த்தாலும் அந்த ஒரே கேள்வியைக் கேட்கிறார். மலை ஏறப் போய் மூச்சு முட்டி இறந்தான் என்று ஒரு மாதிரி மனசைத் தேற்றி வைத்திருந்தவர்களிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். என் பெயர் சுத்தமாக வேண்டும் என்பதற்காக அவர்களுக்கு இதைச் செய்தேனோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஆனால் மறுபடி அந்த நிலைமை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

முந்தாநாள், ஞாயிற்றுக்கிழமை, நான் தென்னேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு தட்டினார்கள். மாமனார். ஒரு கையில் அனுவின் துணிப் பை, இன்னொரு கையில் அனு. பாலாஜி போனபிறகு இந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. இட்டுனு வந்துட்டேன்" என்றார்.

உள்ளே வாங்க மாமா என்றேன். வந்தார். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார். சுவரில் அவர் மகன் எடுத்த படங்கள் மாட்டியிருந்தன. அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை. தான் சொன்ன சொல்லைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "டானிக் ரெண்டு வேளை குடுக்கணும். துணிப் பையில வெச்சிக்கீது" என்று மட்டும் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் ஏப்ரலில் ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். அது என்னிடம் இல்லை. எப்போதாவது வருமா என்றும் தெரியவில்லை. வந்தாலும் உங்களுக்குத் தெரிவிக்க மாட்டேன். இனி எழுத வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொண்ட கார்டையும் அனுப்ப வேண்டாம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு மத்தியானம் அனுவுக்குச் சோறு போட்டேன். இடது கையால் சாப்பிட்டாள். ஏன்டி என்று வலது கையை இழுத்துப் பார்த்தேன். விரல்களெல்லாம் சிவந்து கன்றியிருந்தன.

"தாத்தா பஸ்ஸுல என் கைய புடிச்சிக்கினே வந்தாரும்மா. வாலாஜாபாத்துலேருந்து. ரொம்ப இறுக்கி."

"வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். அவரு அழுதுக்கினு வந்தாரு."

ஜெயப்ரியா